சம்பந்தி அடைத்த ஓரங்குலம்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மூன்று நாள் ஊர் ஊராக அலைந்து பத்திரிகை கொடுத்துவிட்டுப் பாலத்தார் வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. புறப்பட்ட அன்று பிடித்த மழை அவர் கூடவே ஊர் ஊராக வந்து, வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பாலத்தார் என்பது ஊர் வைத்த பெயர். ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் பழைய ரயில் பாலத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. "பாத்துக்கறதுன்னா என்ன செய்வீங்க?" என்று கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"பாப்பேன்" என்றார் இவர்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு கொத்தனார். அந்தப் பதிலைச் செங்கல்லைப் போல முன்னும் பின்னும் மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, அந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் சுவரோரமாக நூலைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி அடங்கும்வரை வீடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கால் அங்குலம் சாயுது. பரவாயில்லை, நம்ம கட்டினதா என்ன" என்று சொல்லிவிட்டுத்தான் கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச்செடுத்தார்.

அவர் பேசுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துபோன விஷயம் அது. கொத்தனார் மகனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொல்லுவான். பாலத்தார் மகள் ஒரே வருஷத்தில் நான்கு தடவை கண் பரிசோதனைக்குப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது தடவை அவனே வீட்டுக்கு வந்துவிட்டான்.

பாலத்தாருக்குப் பேச்சு வராது என்று ஊரில் சொல்வார்கள். பாலத்தைத் தவிர மற்ற எதைப் பற்றியும் வராது என்று சொல்லியிருக்க வேண்டும். பாலத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் கேட்கிறவர் நின்றபடியே தூங்கிவிடுவார். முதலில் மரப்பாலம் இருந்ததும், அதை ஒரு வெள்ளம் முழுசாகத் தூக்கிக்கொண்டு போனதும், பிறகு கடல் தாண்டிக் கப்பலில் இரும்பு வந்ததும் அவருக்கு நேற்று நடந்த மாதிரி. வந்த ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண் குத்தியிருந்தது. எண்ணை எண்ணோடு சேர்த்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஓட்டைக்குள் அடித்து இறுக்கினார்கள். தூணுக்குத் தூண் மூன்று கண் பாலம், ஒரு கண்ணுக்கு இருநூறு அடி. எங்கே பார்த்தாலும் முக்கோணம். நாலு சட்டத்தை இணைத்து ஒரு தள்ளு தள்ளினால் கோணும், மூன்றை இணைத்தால் கோணாது, இதைத் தெரிந்துகொண்டவன் பாலம் கட்டலாம் என்பார். கனத்த சட்டங்கள் பாரத்தை வாங்கி அமுங்குகிறவை, தட்டைச் சட்டங்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை. கட்டி முடித்த அன்று ஏழு எஞ்சின்களை வரிசையாகப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, பாலத்தை வரைந்த மனிதர் அதற்கு நேர் கீழே ஆற்றில் படகு போட்டு உட்கார்ந்து காட்டினாராம். மனைவியையும் கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மா கரையை விட்டு வரவில்லை. நம்பிக்கை இல்லாதது பாலத்தின் மேலா புருஷன் மேலா என்று பழைய பதிவேட்டில் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் அவர் ஈரத் துண்டை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் மனைவி ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. உதட்டை விட்டு வெளியே வராமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லை. காலையில பாலத்துக்குப் போவீங்கல்ல, நீங்களே பாப்பீங்க."

"என்னத்த?"

"நாளைக்குப் பெரிய இன்ஜினியர் வர்றாங்கன்னு நீங்க பாட்டுக்கு ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்க. வீட்டுல இருக்கறவங்களுக்குப் பொறுப்பு இருக்காதா?"

அவருக்குக் கண் சொக்கியது. பாலத்தில் மனைவி கோலிகுண்டு விளையாடியிருந்தால்கூட அப்போது கேட்டிருக்க மாட்டார். படுத்துவிட்டார்.

காலையில் ஆறரைக்கு வெளியே வந்தபோது வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. மேகம் ஒரு துணுக்கு இல்லை. கையில் சுத்தியலும் கிரீஸ் டப்பாவுமாகத் தண்டவாள ஓரமாகவே நடந்தார். நூற்றைம்பது தப்படி தள்ளிப் பாலத்தின் முதல் கண் ஆரம்பமாகிறது. அங்கே கரையில் ஒரு கல்மேடை. அதன் மேல் இரும்பு உருளைகள், அந்த உருளைகளின் மேல் பாலத்தின் முனை. முனைக்கும் பின்னால் நிற்கும் கல்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். குனிந்து பார்த்தால் உருளைகள் பல் வரிசை மாதிரி தெரியும். தினமும் அவற்றுக்குக் கிரீஸ் வைப்பதுதான் அவருடைய முதல் வேலை.

குனிந்து பார்த்தார். உருளையைக் காணோம். சந்தையும் காணோம்.

அந்த இடத்தில் சிமெண்டுப் பூச்சு ஒன்று இருந்தது. கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஓரங்களைக் கூராக விடாமல் விரல் வைத்து இழுத்தாற்போல் உருட்டியிருந்தது. மேல்விளிம்பில் கரணை முனையால் நேர்கோடு ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று, நடுவில் சின்னச் சின்ன வளைவுகளாக ஓர் அலங்காரம். தண்டவாளத்துக்கு இடது முனையில் ஒன்று, வலது முனையிலும் அதே மாதிரி. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

பாலத்தார் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நேரம் என்றால், அவருக்காகத் தேநீர் போட்டு, ஆறவிடாமல் தட்டால் மூடி, மனைவி அவ்வளவு தூரம் நடந்து வந்து சேரும் வரைக்கும்.

"எப்படி?" என்றாள் அவள்.

"யாரு செஞ்சது?"

"அண்ணன்தான். நம்ம சம்பந்தி. நீங்க கிளம்பின அன்னைக்கு அவங்க வீட்டுப் பத்திரிகை குடுக்க வந்தாரு. விடிஞ்சும் விடியாமலும் வந்துட்டாரு. பேச்சுவாக்குல சொன்னேன், பெரிய இன்ஜினியர் வர்ற நேரத்துல இந்த மூலை பொக்கை வாய் மாதிரி கெடக்கேன்னு. அவருக்கு மனசு கேக்கலை. வீட்டுக்குப் போயி சிமெண்டும் கரணையும் எடுத்துட்டு வந்துட்டாரு."

"நீ பாத்துக்கிட்டு நின்னியா?"

"பாத்துக்கிட்டு நின்னேனா? நல்லா இருக்கே. மணல் சலிச்சது யாரு, தண்ணி எடுத்தது யாரு? ஜல்லிகூட நான்தான் பொறுக்கிக் குடுத்தேன். உள்ள நல்லா இடிச்சு இடிச்சு நெரப்பினாரு. மழை வேற. மூணு நாளா வானமே தண்ணி ஊத்திக் குடுத்துச்சு, இனிமே கல்லு மாதிரி நிக்கும்னு சொல்லிட்டுப் போனாரு."

"எனக்குப் பதிலா வந்த ஆளு?"

"அந்தத் தம்பியா? மழைக்குக் கேபினை விட்டு வெளியவே வரலை."

பாலத்தார் கல்மேடையில் உட்கார்ந்தார். தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். மறுபடி பூச்சைப் பார்த்தார்.

"பாலம் வெயில்ல நீளும்னு உங்கிட்ட நான் சொன்னதே இல்லையா?" என்றார்.

"சொல்லியிருப்பீங்க. பாலத்தைப் பத்தி நீங்க சொல்றதுல எதைன்னு நான் ஞாபகம் வெச்சுக்கறது?"

"அந்தப் பக்கத்துக் காலை அசையாம ஊணிட்டு, இந்தப் பக்கத்துக் காலை உருளை மேல விட்டிருக்காங்க. மத்தியானம் ஓரங்குலம் இந்தப் பக்கமா வரும். ராத்திரி திரும்பிப் போகும். அதுக்குத்தான் அந்தச் சந்து."

"தினமுமா?"

"தினமும்."

"இத்தனை வருஷமா நம்ம வீட்டுப் பின்னாடி இது நடந்துக்கிட்டா இருக்கு?"

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்று நாளாக வெயில் இல்லை, பாலம் குளிரில் சுருங்கியபடியே கிடந்திருக்கிறது. அது மிகக் குட்டையாக இருக்கிற நேரமாகப் பார்த்து, விடியற்காலையில் வந்து, சம்பந்தி சந்தை இறுக அடைத்துவிட்டார். இன்றைக்கு வானம் தெளிந்திருக்கிறது. பத்து மணிக்கெல்லாம் இரும்பு காயத் தொடங்கும். நீள வழியில்லாத இரும்பு எதையாவது தள்ளும். எதைத் தள்ளும் என்று யோசிக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"உடைச்சுடணும்" என்றார்.

மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. "யாரு கட்டினதை? பத்து நாளுக்குள்ள கல்யாணத்தை வெச்சுக்கிட்டா?"

கொத்தனாரைப் பற்றி ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அவர் கட்டிக்கொடுத்த படிக்கட்டை யாரோ இடித்துவிட்டு வேறு ஆளை வைத்துக் கட்டினார்கள். அன்றோடு அந்தத் தெருவில் கால் வைப்பதை நிறுத்திவிட்டார். ஆறு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கிற ஒரே பல் டாக்டர் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். போன வருஷம் கடைவாய்ப் பல் வீங்கியபோது கொத்தனார் தானே குறடு போட்டுப் பிடுங்கிக்கொண்டார். ஒரு தெரு மேல் இவ்வளவு வைராக்கியம் வைக்கிற மனுஷன் ஒரு வீட்டின் மேல் வைக்கமாட்டாரா?

"அவருக்குத் தெரியாம உடைச்சுட்டா?" என்றாள் மனைவி, தானே ஆரம்பித்து, தானே தலையாட்டி மறுத்தாள். "வேண்டாம். சாயங்காலமே வந்து பாப்பாரு. ரெண்டு நாளா வந்து தடவித் தடவிப் பாத்துட்டுத்தான் போறாரு."

மகள் வந்து சேர்ந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் இரண்டு பேரும் பாலத்தடியில் சிலை மாதிரி இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அம்மா சொன்னதைக் கேட்டாள், அப்பா சொல்லாததையும் புரிந்துகொண்டாள்.

"எத்தனை மணிக்குள்ள உடைக்கணும் அப்பா?"

"பத்து, பத்தரை. பதினொன்னரைக்கு இன்ஜினியர். ரெண்டு மணிக்கு வண்டி."

"மாமாவையே கூட்டிட்டு வந்து உடைக்கச் சொல்லலாம்."

"எப்படிச் சொல்லுவே? உங்க வேலையை உங்க கையாலயே உடைங்கன்னா? முதல்ல அவரு வரணுமே. இந்நேரம் வேலைக்குக் கிளம்பியிருப்பாரு."

"வருவாரு" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளை எடுத்தாள்.

கொத்தனார் வந்தார். தலை சீவாமல், சட்டையில் ஒரு பொத்தான் மாறிப்போட்டு, ஒரு கையில் ரசமட்டமும் இன்னொரு கையில் தூக்குக்குண்டுமாகத் தண்டவாளத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தார். மகள் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்க கோணல்?" என்றார் கொத்தனார்.

பாலத்தார் மகளைப் பார்த்தார். மகள் ஆற்றைப் பார்த்தாள்.

"கோணல்னு நீங்க சொன்னதா பொண்ணு சொல்லுச்சு. எந்தப் பக்கம்? காட்டுங்க." ரசமட்டத்தை இடது பூச்சின் மேல் வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது. வலது பூச்சின் மேல் வைத்தார். அங்கும் நடுவில். நூலைத் தொங்கவிட்டார். குண்டு பூச்சை முத்தமிட்டுக்கொண்டு நின்றது. நிமிர்ந்தார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "எங்க சம்பந்தி?"

"கோணல் இல்லை."

"பின்னே?"

பாலத்தார் வார்த்தையைத் தேடினார். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மனைவி இரண்டு தடவை இருமினாள்.

"வேலை ரொம்ப நல்லா இருக்கு" என்றார் கடைசியில்.

"அது எனக்குத் தெரியும். இதைச் சொல்லவா வேலைக்குப் போறவனைக் கூப்பிட்டீங்க?"

அப்புறம் பாலத்தார் சொன்னார். உருளை, சந்து, வெயில், ஓரங்குலம். இவ்வளவு சுருக்கமாகப் பாலத்தைப் பற்றி அவர் வாழ்நாளில் பேசியதில்லை.

"இரும்பு நீளுமா?" என்றார் கொத்தனார். "என்ன சம்பந்தி, அது இரும்பா ரப்பரா?"

"நீளும்."

"நான் கட்டின ஒரு சுவரும் இதுவரைக்கும் ஒரு நூல் நகந்ததில்லை."

"சுவர் நகரக் கூடாது. இது நகரணும்னே வெச்சது."

"அப்ப அந்த ஓட்டை?"

"வேணும்னே விட்டது."

கொத்தனார் பூச்சின் விளிம்பை ஒரு தரம் தடவினார். "யாரோ வேலையை முடிக்காம போயிட்டான்னு நெனச்சேன்" என்றார் பிறகு. "நூத்திப் பத்து வருஷமா ஒருத்தனுக்கும் அதை முடிக்கணும்னு தோணலையேன்னு எனக்கு அன்னைக்கு அப்படி ஒரு கோபம். சரி, நீளுதுன்னு வாயால சொன்னாப் போதாது. காட்டுங்க."

காட்டுவதற்கு வெயிலைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு பேரும் கல்மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மணி ஒன்பதரை. மகள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். மனைவி அவித்த முட்டையும் உப்பும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கொத்தனார் ஒரு முட்டையை எடுத்து ஓடு உரித்தார், உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பூச்சைப் பார்த்தார். பாலத்தார் பாலத்தைப் பார்த்தார். வெயில் முதலில் மேல்சட்டத்தில் விழுந்தது, பிறகு சாய்ந்த சட்டங்களில் இறங்கியது, பிறகு கீழ்ச்சட்டத்துக்கு வந்தது. ஈரம் காய்ந்த இடமெல்லாம் பெயின்ட் வெளிறிக்கொண்டு வந்தது. யாரும் பேசவில்லை. பாலத்தாருக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. வேறு எந்தக் காலையாக இருந்தாலும் சம்பந்தியோடு இப்படி உட்கார்ந்திருப்பது பெரிய சுகமாக இருந்திருக்கும்.

பத்து மணி தாண்டியதும் பாலம் முனகியது. தொண்டையைக் கனைக்கிற மாதிரி, இரும்புக்குள்ளிருந்து எங்கேயோ ஒரு சத்தம். பாலத்தார் எழுந்துவிட்டார். இன்னொரு தரம், இன்னும் தாழ்ந்த குரலில். கொத்தனார் குனிந்து பூச்சை இன்ச் இன்ச்சாகத் தடவிப் பார்த்தார்.

"அசையலை" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா? இவ்வளவு பெரிய பாலம் முட்டித் தள்ளுதுன்னு நீங்களே சொல்றீங்க. ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

பூச்சில் கீறல் இல்லைதான். பாலத்தார் அவர் தோளைத் தொட்டுப் பின்னாலிருந்த கல்சுவரைக் காட்டினார். பாலத்தைக் கட்டியவர்களே கட்டிய சுவர். அதன் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்க்கும்போதே ஒரு கல்லைத் தாண்டிப் போனது. இணைப்பிலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது.

கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்து அந்தச் சுவரில் தொங்கவிட்டார். குண்டு நின்றதும் நூலுக்கும் கல்லுக்கும் இடையில் கண்ணை வைத்துப் பார்த்தார். "ஒரு நூல் கனம் நகந்து போயிருக்கு" என்றார் மெதுவாக. அதைச் சொன்னபோது குரலில் பெருமை கொஞ்சம் பாக்கி இருந்தது. "பழைய ஆளுங்க கட்டினது குடுக்குது. என்னது குடுக்கலை."

"அதுதான் சம்பந்தி கஷ்டம்."

"இருங்க. அப்ப நான் மோசமா பூசியிருந்தா?"

"தானா உதிர்ந்திருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

"மோசமா பூசியிருக்கணும்கறீங்க."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். கொத்தனாரின் கண் பாலத்தாரை விட்டு நகரவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்ட அன்று குறடை இப்படித்தான் பார்த்திருப்பார்.

"உங்களுக்கு அது வராது சம்பந்தி" என்றார் பாலத்தார். சமாதானத்துக்குச் சொல்லவில்லை, மனசில் பட்டதைச் சொன்னார்.

கொத்தனார் அதையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பாலம் மறுபடி முனகியது. கையில் இருந்த முட்டையை அப்போதுதான் கவனித்தவர் போல வாயில் போட்டு, மென்று முழுங்கினார்.

"சம்மட்டி இருக்கா?"

இருந்தது. உளியும் இருந்தது.

"யாரும் கை வைக்கக் கூடாது. நான் வெச்சேன், நானே எடுப்பேன்."

முதல் அடிக்குப் பூச்சு பொறி பறக்கவிட்டது. இரண்டாவது அடிக்கு உளி எகிறியது. ஒவ்வொரு அடிக்கும் அவர் நிறுத்தி, எவ்வளவு உடையவில்லை என்று பார்த்துக்கொண்டார். "பாருங்க சம்பந்தி, உளி மூக்கு மழுங்குது. கலவை அப்படி."

"தெரியுது. ரசிக்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு அடிங்க."

"வேலைன்னா இது வேலை."

"சம்பந்தி, சுவரு."

கால் மணி நேரத்தில் இடது பக்கம் பாதி பெயர்ந்தது. வியர்வை கொட்டியது. உருளைகள் பல்லைக் காட்டத் தொடங்கின. பாலத்தார் பெயர்ந்த துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். ஒரு துண்டைத் தூக்கி எறியப் போனவரைக் கொத்தனார் ஒரு பார்வை பார்த்தார். அதிலிருந்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார். இடது பக்கம் முடிந்து வலது பக்கத்தில் உளியை வைத்தபோதுதான் தண்டவாளத்தில் டிராலி வரும் சத்தம் கேட்டது. பெரிய இன்ஜினியர் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகம், மூக்கின் நுனியில் கண்ணாடி. டிராலியை விட்டு இறங்கி, உடைந்த பக்கத்தையும் உடையாத பக்கத்தையும் விரிசலையும் வரிசையாகப் பார்த்தார். உடையாத பக்கத்தின் அலங்காரத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இதை யார் செஞ்சது?"

வெளியாளைப் பாலத்தில் வேலை செய்யவிட்டது சின்ன விஷயம் இல்லை. தன் வேலை போனாலும் போகட்டும், சம்பந்தியை இதில் இழுக்கக்கூடாது என்று பாலத்தார் ஓர் எட்டு முன்னால் வந்தார். "நான்தாம்மா."

சம்மட்டிச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்றார் கொத்தனார்.

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி."

"சும்மா இருக்கறதா? அம்மா, இவரு கையால ஒரு செங்கல்லை நேரா வைக்கச் சொல்லுங்க பாப்போம். இந்த விளிம்பை உருட்ட எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

"அவரு என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரும்மா" என்றார் பாலத்தார், தொடங்கியதை விடக்கூடாது என்று.

"நான் எதுக்கு உங்களைக் காப்பாத்தணும்? கண்ணு முன்னாடியே என் வேலையைத் தன் வேலைங்கறாரு. உடைங்கன்னீங்க, உடைச்சேன். அது எனக்கு ஒரு இது இல்லை. ஆனா இது..." சம்மட்டியைக் கீழே வைத்தார். "இப்படின்னா இந்தச் சம்பந்தத்தைப் பத்தி நான் யோசிக்கணும்."

பாலம் முனகியது. டிராலி தள்ளி வந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு முட்டையை எடுத்துக்கொண்டு வசதியாக நின்றார்கள்.

"அப்பா" என்றாள் மகள். "நடந்ததைச் சொல்லுங்க அப்பா."

பாலத்தார் அவளைப் பார்த்தார். அந்த நாலு கண் பரிசோதனையும் அவள் முகத்தில் தெரிந்தது. இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"அவருதாம்மா செஞ்சாரு. நான் ஊர்ல இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு இந்த மாதிரி வராது."

"அப்படிச் சொல்லுங்க" என்று கொத்தனார் சம்மட்டியை எடுத்தார்.

"யாருன்னு அப்புறம் எழுதிக்கறேன்" என்றார் அந்த அம்மா. "முதல்ல அதை உடைங்க."

இந்த முறை அவர் ரசிக்கவில்லை. கடைசித் துண்டு பெயர்ந்தபோது பாலம் தானாகவே ஒரு குலுங்கு குலுங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம் மூன்று கண்ணையும் தாண்டி அக்கரைவரை போய்த் திரும்பியது. சட்டங்களில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. உருளைகள் ஒரு பக்கமாகப் புரண்டு நின்றன. அதன் பிறகு முனகல் இல்லை. கொத்தனார் உளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நகந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல். "கண்ணால பாத்தேன். நகந்துச்சு."

அந்த அம்மா சந்தை அளந்தார், உருளைகளை டார்ச் அடித்துப் பார்த்தார், விரிசலில் ஒரு தகட்டை விட்டுப் பார்த்தார். விரிசல் ஆழமில்லை, பிடித்துக் கட்டிவிடலாம், வண்டி மெதுவாகப் போகட்டும் என்றார். பிறகு நோட்டைத் திறந்தார். பாலத்தாருக்கு ஒரு மெமோ வரும், பதில் எழுத வேண்டும். மூன்று நாள் கேபினை விட்டு வராத ஆளுக்கு இரண்டு மெமோ. அடைத்தது யார் என்ற இடத்தில் கொத்தனார் தன் பெயரைத் தானே எழுதி, கீழே ஒரு கையெழுத்துப் போட்டார். கையெழுத்திலும் ஓரங்களை உருட்டியிருந்தார்.

"இன்னொரு வரி எழுதணும்மா."

"என்னன்னு?"

"பூச்சு தானா உடையலைன்னு. போட்டவனே உடைச்சாத்தான் உடைஞ்சுதுன்னு."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். எழுதினார். கொத்தனார் அதைப் படித்துக்காட்டச் சொன்னார். இன்னொரு தரமும் படிக்கச் சொன்னார்.

"விரிஞ்ச சுவரை யார் கட்டறது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இது என்ன கேள்வி?" என்றார் கொத்தனார்.

ரயில்வே ஆள் ஒருவன் கூடவே நிற்க, அவர் நான்கு நாள் வந்து சுவரைப் பிடித்துக் கட்டினார். அந்த நான்கு நாளும் பாலத்தாரோடு அவர் அதிகம் பேசவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் வலது முனைக்குப் பக்கத்தில், உருளை தெரிகிற மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் கோபம் தணிந்ததா இல்லையா என்று பாலத்தாரின் மனைவிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, பாலத்தார் கிரீஸ் டப்பாவோடு நின்றிருந்தபோது தண்டவாள ஓரமாக ஒரு கூட்டம் வந்தது. முன்னால் கொத்தனார். பின்னால் அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி, இரண்டு அத்தைகள், வெளியூரிலிருந்து கல்யாணத்துக்காக முன்கூட்டியே வந்துவிட்ட சொந்தம், மொத்தம் பதினொரு பேர். பாலத்தார் தலைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். கல்யாணத்தை நிறுத்த இத்தனை பேர் தேவையில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது.

கொத்தனார் பாலத்தாருக்கு ஒரு தலையசைப்பு வைத்துவிட்டு, கல்மேடையின் பக்கம் கூட்டத்தை நிறுத்தினார். சந்தைக் காட்டினார்.

"இங்கதான் இருந்துச்சு."

பதினொரு பேரும் குனிந்து சந்தைப் பார்த்தார்கள்.

"என்ன இருந்துச்சு?" என்றாள் ஓர் அத்தை.

"என் வேலை."

"எங்கேடா?"

"உடைச்சாச்சு. நானே உடைச்சேன். வேற யாராலயும் முடிஞ்சிருக்காது. ரயில்வேக்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, உருளைக்குப் பக்கத்திலிருந்த இரும்புத் தகட்டின் மேல், பாலத்தின் முனைக்கு நேராக ஒரு கோடு கிழித்தார். "இப்ப எல்லாரும் உக்காருங்க. பேசாம இதையே பாருங்க. கொஞ்ச நேரத்துல நகரும்."

"எது நகரும்?" என்றார் தம்பி.

"பாலம்."

தம்பி சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தாள். கொத்தனார் நிமிர்ந்தார்.

"நம்பாதவங்க கல்யாணத்துக்கு வர வேண்டாம்."

சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கல்மேடையைச் சுற்றிக் குந்தினார்கள். ஓர் அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பாலத்தார் கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்து, "இது ஏன் நகருதுன்னா, அந்தக் காலத்துல முதல்ல ஒரு மரப்பாலம்..." என்று ஆரம்பித்தார்.

கொத்தனார் திரும்பாமலே கையைத் தூக்கினார். "அப்புறம் சம்பந்தி. வர்ற நேரம்."

பாலத்தார் வாயை மூடிக்கொண்டார். அத்தைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய் அவரும் குந்தினார். வெயில் கீழ்ச்சட்டத்துக்கு இறங்கிவிட்டது. பென்சில் கோட்டுக்கும் பாலத்துக்கும் நடுவில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.